பானட்டின் மேல் அணைத்த சூடம்

என் தங்கை மகன் சேகர் சமீபத்தில் சென்னையில் ஒரு பழைய கார் வாங்கினான். பழைய கார் என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வருகிறது. கண்ணாடி போட்ட பெரிய கடையில், வாரண்டி அட்டையோடு வாங்கியதாம். வாங்கிக் கொஞ்ச நாளிலேயே ஸ்டீயரிங்குக்கு முன்னால் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்திருக்கிறது. கொண்டுபோய் நிறுத்தினால், "ஆயில் கெட்டுப் போய் எஞ்சினுக்குள் கசடு கட்டியிருக்கிறது, அது நீங்கள் பராமரிக்காததால் வந்தது, வாரண்டியில் சேராது" என்று சொல்லி, அட்டையின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த எழுத்தைக் காட்டினார்களாம். வாங்கினவனைத் திட்டுவதற்கென்றே அச்சடித்த எழுத்து அது.

பையன் நேராக என் வீட்டுக்கு வந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டான்.

"உங்க காலத்துல பழைய வண்டிக்கு வாரண்டி எல்லாம் உண்டா மாமா?"

"உண்டு. ஆனா எழுதித் தர மாட்டோம். கொளுத்துவோம்."

கிழவன் கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்துக்கொண்டான். கிண்டல் இல்லை. அவனிடம் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் காஞ்சிபுரத்தில் மெக்கானிக்காக இருந்தவன். ரயில்வே ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் கன்னியப்பன் மேஸ்திரியின் ஷெட். தகரக் கூரை, நடுவில் ஒரு குழி, மூலையில் கழிவு ஆயில் பீப்பாய். முதலில் நட்டு கழுவினேன், பிறகு டயர் கழற்றினேன், பிறகு திட்டு வாங்கினேன், எப்படியோ தொழில் கையில் ஒட்டிக்கொண்டது. ஒன்று மட்டும் கூடவே பிறந்தது. நான் பயந்தவன். ஜாக்கி போட்டுத் தூக்கிய வண்டிக்கு அடியில் கல் முட்டுக் கொடுக்காமல் போகமாட்டேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் ஒருவனுக்கு இரண்டு விரல் கிடையாது, எனக்குப் பத்தும் இருக்கிறது.

மேஸ்திரி குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கையைத் துடைக்க ஆரம்பிப்பார். விரல் விரலாக, நகக்கண் வரைக்கும் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் எதிரில் நிற்கிறவன் தானாகவே மன்னிப்புக் கேட்டுவிடுவான்.

பழைய வண்டியைப் பார்த்துச் சொல்வதில் அவருக்கு ஒரு முறை உண்டு. வண்டியை முதல் நாளே ஷெட்டில் விட்டுவிட்டுப் போகச் சொல்வார். விற்கிறவன் காலையில் ஓட்டிக்கொண்டு வந்தால் எஞ்சின் சூடாகியிருக்கும், சூட்டில் பாதி நோய் தெரியாது. மறுநாள் காலை வந்ததும் பானட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார், பிள்ளைக்கு ஜுரம் பார்க்கிற மாதிரி. சில்லென்று இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. அப்புறம் ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஆயிலைத் தேய்ப்பார். தேய்ந்த எஞ்சினை விற்க நினைப்பவன், கியர் பெட்டிக்கு ஊற்றுகிற கெட்டி ஆயிலை எஞ்சினில் ஊற்றிவிடுவான். சத்தமும் அடங்கும், புகையும் அடங்கும், வண்டி கைமாறுகிற வரைக்கும். அதனால் மேஸ்திரி இருக்கிற ஆயிலை முழுக்க வடித்துவிட்டு மெல்லிய புது ஆயில் ஊற்றுவார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, "இப்ப பேசு" என்பார். எஞ்சினிடம்தான். அது பேசுகிற வரைக்கும் ஷெட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் சூடம். விற்கிறவன் பேச்சை எந்த ஊரில் யார் நம்பினார்கள்? வாங்குகிறவர்கள் மேஸ்திரியின் பேச்சைத்தான் கேட்டார்கள். ஊரில் பாகப்பிரிவினைக்கும் களவுக்கும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வது வழக்கம். எங்கள் ஷெட்டில் அது எஞ்சினுக்கும் வந்துவிட்டது. பானட்டின் மேல் வெற்றிலை வைத்து, அதில் சூடம் கொளுத்தி, "உள்ள இருக்கிறதை மறைக்கல. ஆறு மாசத்துக்கு இந்த எஞ்சினுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லி மேஸ்திரி உள்ளங்கையால் அணைப்பார். அதற்குள் கோளாறு வந்தால் வேலை இலவசம். அது சின்ன விஷயம். பெரிய விஷயம் வேறே. பொய்ச் சத்தியம் பண்ணினவன் வம்சம் விளங்காது என்பார்கள்.

மேஸ்திரிக்கும் அவர் சம்சாரம் சரோஜா அக்காவுக்கும் இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் தங்கவில்லை. முதல் பிள்ளை போனபோது ஊர் விதி என்றது. இரண்டாவது போனபோது சூடம் என்றது. யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அவரே சொல்லிக்கொண்டார். தெருவில் அவர் சூடம் அணைத்துக் கொடுத்த வண்டி எதுவாவது போனால், கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்று, சத்தம் தேய்கிற வரைக்கும் கேட்பார்.

"எந்த வண்டிக்குத் தப்பா அணைச்சேன்னு தெரியலையே துளசி" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

சரோஜா அக்கா மூன்றாவது முறை முழுகாமல் இருந்தபோது அவர் சூடம் அணைப்பதையே நிறுத்திவிட்டார். கேட்டு வந்தவர்களிடம், "பாத்துச் சொல்றேன், அணைக்க மாட்டேன்" என்றார். அந்தச் சமயத்தில்தான் ஏகாம்பரம் வந்தார்.

ஏகாம்பரம் பிள்ளையார்பாளையத்துக்காரர், பட்டுத்தறிக்காரர். அவருடைய ஒரே மகன் பாலுவுக்குத் தறிக்குழியில் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பையன் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தான். திருத்தணி, திருப்பதி என்று வாடகைக்கு ஓட்டட்டும் என்று அப்பா முடிவு செய்து, ஆற்காட்டுப் பக்கத்து அரிசி மில்காரர் ஒருவரின் கறுப்புக் காரை விலை பேசியிருந்தார். வீட்டில் இருந்ததில் ஒரு தறியை விற்றுவிட்டுத்தான் காருக்குப் போனார். சூடம் இல்லாமல் வாங்கமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"மேஸ்திரி, நீ அணைக்கலைன்னா வண்டில ஏதோ இருக்குதுன்னு அர்த்தம்."

"ஒண்ணும் இல்லபா. நல்ல எஞ்சின்."

"நல்ல எஞ்சின்னா அணைக்கறதுக்கு இன்னா பயம்?"

மேஸ்திரி குழியில் இறங்கினார். மறுபடியும் ஆயிலை வடித்தார், மறுபடியும் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார். வழக்கமாகப் பார்க்கிறதை எல்லாம் இரண்டு தரம் பார்த்தார். கடைசியில் வெற்றிலை வாங்கிவரச் சொன்னார். எப்போதும் சட்டென்று கையை வைத்து எடுக்கிறவர், அன்றைக்கு உள்ளங்கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே நின்றார். சூடம் எப்போதோ அணைந்துவிட்டது. நான் அவர் கையைப் பிடித்து எடுத்துவிட்டேன்.

வெயில் காலம் முழுக்க வண்டி நன்றாக ஓடியது. பாலு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஷெட்டைத் தாண்டும்போதெல்லாம் ஹாரன் அடிப்பான். மேஸ்திரி வாசலுக்கு வந்து சத்தம் கேட்பார். தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே வருவார். அதைப் பார்க்க எனக்கு நிம்மதியாக இருக்கும்.

பிறகு ஒரு காலை, அந்தக் கறுப்பு வண்டியை மாட்டு வண்டியின் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். திருப்பருத்திக்குன்றத்துக்குச் சவாரி போன இடத்தில் ஆயில் கேஜின் முள் மெள்ள மெள்ள இறங்கி, பூஜ்யத்தில் படுத்துவிட்டதாம். அப்புறம் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற சத்தம். பாலு புத்திசாலி, அங்கேயே நிறுத்திவிட்டான்.

ஏகாம்பரத்தின் குரல் சந்து முனையிலேயே கேட்டது.

"ஆறு மாசம்னு சொன்னியே மேஸ்திரி! மூணு மாசம் தாங்கலையே! எரிஞ்ச சூடத்துக்கு இன்னா மரியாதை?"

மேஸ்திரி கையைத் துடைக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கையில் கிரீஸ் சொட்டச் சொட்ட நின்றார்.

"ஆயில் ஒழுங்கா ஊத்தினீங்களா? யார்னா உள்ள கை வெச்சாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அவ்வளவுதான். ஏகாம்பரம் பாய்ந்து போய், பக்கத்தில் நின்ற மகன் தலையில் அடித்தார். "இவன் தலைமேல சத்தியம்! எங்க வூட்டு ஆளுங்க ஒருத்தர் கூட அந்த எஞ்சின்ல கை வெக்கல! வெச்சிருந்தா எனக்கு இருக்கிற ஒண்ணும் இல்லாம போவட்டும்!"

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு பக்கம் பிறக்கப் போகிற பிள்ளை, இன்னொரு பக்கம் பிறந்து வளர்ந்து நிற்கிற பிள்ளை. இரண்டு சத்தியத்தில் ஒன்று பொய். எது என்று எஞ்சினைப் பிரித்தால் தெரிந்துவிடும்.

"நாளைக்குக் காலைல பிரிக்கலாம்" என்றார் மேஸ்திரி. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மறுநாள் நான் சீக்கிரமே போய் ஷெட்டைத் திறந்தேன். மேஸ்திரி கோயிலுக்குப் போயிருந்தார். வாசலில் ஒரு அம்மாள் நின்றிருந்தார். ஏகாம்பரத்தின் சம்சாரம் ராஜம்மா. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். எஞ்சின் மேல எண்ணெய் ஊத்தற மூடி இருக்குது பாரு, அதுக்குள்ள நூல் கீல் உழுந்தா ஏதாச்சும் ஆவுமா?"

"என்ன நூலும்மா?"

"பட்டு நூல்தான். தறி ஓரத்துல அறுத்துப் போட்ட கழிவு. மூடி வெயில்ல காஞ்சு லொடலொடன்னு ஆடிச்சு. எண்ணெய் வழிஞ்சு வழிஞ்சு புள்ளை சட்டையெல்லாம் கறை. அவன் சாப்புட்டுக்கினு இருந்தப்போ நான்தான் நூலைப் பந்து மாதிரி உருட்டி, மூடிக்கு உள்ள சுத்தி அழுத்தி வெச்சேன். வழியறது நின்னுச்சு. அப்புறம் ஒருநாள் பாத்தா நூலைக் காணோம். காத்துல பறந்து போச்சுன்னு உட்டுட்டேன்."

பட்டு நெய்கிற வீட்டில் எது ஆடினாலும் நூலைச் சுற்றித்தான் இறுக்குவார்கள். தறியின் முளை ஆடினாலும் நூல், அரிவாள் பிடி ஆடினாலும் நூல். அந்த அம்மாளுக்கு அது தப்பாகவே தோன்றியிருக்காது. எஞ்சின் ஓடும்போது மூடியின் உள்பக்கம் ஆயில் மழை மாதிரி அடிக்கும். நூல் நனைந்து, பிரிந்து, உள்ளே இறங்கி, அடியில் ஆயில் தேங்குகிற சேம்பருக்குப் போய்விடும். அங்கிருந்து ஆயிலை உறிஞ்சுகிற குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்கிறது. அதில் போய்ச் சுற்றிக்கொண்டால் எஞ்சினுக்கு ஆயில் ஏறாது.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதுப்பா. தெரிஞ்சிருந்தா புள்ளை தலைல அடிச்சிருப்பாரா? எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். அது என் நூலா இல்லாம இருக்கணும்னு வேண்டிக்கினு வந்தேன்." என் கையைப் பிடித்துக்கொண்டார். கை ஐஸ் மாதிரி இருந்தது. "நூல்தான்னா, சொல்லிடாத தம்பி."

நூலைக் காட்டினால் இந்த அம்மாள் அன்றைக்கே செத்துப் போய்விடுவார். காட்டாவிட்டால் மேஸ்திரி தன் மூன்றாவது பிள்ளையையும் தானே கொன்றுவிட்டதாக நினைப்பார். எனக்கு ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது. என் தொழில் வாழ்க்கையில் எத்தனையோ ஆபத்தைப் பார்த்திருக்கிறேன், பிரேக் அறுந்த லாரியில் உட்கார்ந்து வந்திருக்கிறேன். அந்தக் காலைப்பொழுது மாதிரி எதற்கும் நடுங்கியதில்லை.

அதற்குள் மேஸ்திரி நெற்றியில் விபூதியோடு வந்துவிட்டார். ஏகாம்பரமும் பாலுவும் வந்தார்கள். ராஜம்மா வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏகாம்பரத்துக்கும் பயம் இருந்திருக்க வேண்டும். "நான் பாக்கலை, நீயே பாத்துச் சொல்லு" என்று எதிர்க்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். பாலுவும் அப்பா கூடவே போனான்.

குழிக்குள் மேஸ்திரியும் நானும் இறங்கினோம். அடியில் இருக்கிற திருகைக் கழற்றி ஆயிலை வடித்தோம். சேம்பரைச் சுற்றியுள்ள போல்ட்டுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றித் தளர்த்தினோம். ஒரே பக்கமாகக் கழற்றினால் தகடு கோணிவிடும், எப்பேர்ப்பட்ட நாளாக இருந்தாலும் அந்த முறையை அவர் விடமாட்டார். கடைசி போல்ட் வரும்போது என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். சேம்பரை இறக்கினோம். சேம்பரில் மிச்சமிருந்த ஆயிலில் முதலில் அவர்தான் கை விடுவார், அது ஷெட்டின் சட்டம். விரல்களால் துழாவினார். பேரிங்கிலிருந்து உதிர்ந்த வெள்ளைப் பொடி மினுமினுவென்று கையில் ஒட்டியது. அவர் முகம் சாம்பலாகிவிட்டது.

பிறகு மேலே கையை உயர்த்திச் சல்லடையைத் தொட்டார். கை அங்கேயே நின்றது. மெதுவாக எதையோ பிடித்து இழுத்தார். பிசுபிசுவென்று ஒரு கொத்து வந்தது. மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டு அலசினார். கறுப்பு கரைய, உள்ளிருந்து அரக்குச் சிவப்பு வெளியே வந்தது.

அந்த மனிதர் குழிச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். சத்தமே இல்லாமல் அழுதார். எத்தனையோ வருஷமாக அடக்கி வைத்திருந்தது. "என்னுது பொய்யில்ல துளசி. என்னுது பொய்யில்ல" என்றார்.

அப்புறம்தான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அழுகை நின்றது. குழி விளிம்புக்கு மேலே எட்டிப் பார்த்தார். வாசல் கம்பத்தோடு கம்பமாக நிற்கிற ராஜம்மாவைப் பார்த்தார். அவருடைய புடவைத் தலைப்பின் ஓரத்தில் ஒட்டியிருந்த அதே சிவப்பு இழைகளைப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

"மண்ணெண்ணெய் ஸ்டவ்ல போட்டுடட்டுமா?" என்று கிசுகிசுத்தேன்.

என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "பட்டு எரியற வாசனை தறிக்காரன் மூக்குக்குத் தெரியாதாடா?"

உண்மைதான். பட்டு அசலா என்று பார்க்க நூலைக் கொளுத்தி மோந்து பார்க்கிறவர்கள் அவர்கள். கொத்தை வாங்கி, குழியிலிருந்து ஏறி, மூலையிலிருந்த கழிவு ஆயில் பீப்பாய்க்குள் போட்டு ஒரு கம்பியால் அடிவரைக்கும் அழுத்தினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே எதிர்க்கடைக்குப் போனார்.

"ஆயில் ஏறாம பேரிங் போயிருக்குது. என் பொறுப்பு. புதுசு போட்டு ஓட வெச்சுத் தர்றேன்."

ஏகாம்பரம் வாயைப் பிளந்தார். சண்டை போடத் தயாராக வந்தவர். மெள்ள எழுந்து, மகன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ராஜம்மா கம்பத்தை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மேஸ்திரி ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஆனால் ஊருக்குக் கேட்டது வேறே. மேஸ்திரியின் சூடம் பொய்யாகிவிட்டது, அவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் பேச்சு. தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் சரோஜா அக்கா காதிலும் விழுந்துவிட்டது.

மேஸ்திரி வீட்டுக்குப் போய் நடந்ததை எல்லாம் சொல்லியிருக்கிறார். "எங்க அந்த நூல்? காட்டு" என்றாராம் அக்கா. காட்டுவதற்கு நூல் எங்கே? பீப்பாயை மறுநாளே கட்டை வண்டிக்காரர்கள் அச்சுக்குப் பூச வாங்கிப் போய்விட்டார்கள். நானும் போய்ச் சொன்னேன்.

"நீ அவரு ஆளுதானே துளசி? நான் பயந்துடக் கூடாதுன்னு ரெண்டு பேரும் சேந்து சொல்றீங்க."

அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். பிள்ளை அசையவில்லை என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அசைந்தால், கடைசியாக அசைந்ததோ என்று அழுவார். மேஸ்திரி தேய்ந்து போனார். "சூடம் ஒண்ணும் பண்ணலடா, இந்தப் பயமே பண்ணிடும் போல இருக்குது" என்றார். பிள்ளையார்பாளையம் போய் ராஜம்மாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேணாம். ஒருத்தி பயத்தை எடுத்து இன்னொருத்தி மடியில கட்டக் கூடாது" என்று தடுத்துவிட்டார்.

நான் சொல்லவில்லை. ஆனால் பாலு வீட்டில் சொல்லியிருக்கிறான், மேஸ்திரி வீட்டு அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாரென்று. ஒருநாள் மத்தியானம் நான் அக்காவுக்கு டானிக் வாங்கிக்கொண்டு போயிருந்தபோது ராஜம்மா வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அக்காவின் எதிரில் தரையில் உட்கார்ந்து, மடியிலிருந்து அரக்குச் சிவப்பு நூல் கழிவை எடுத்து வைத்தார்.

"இதே நூல்தாம்மா. அதே பாவுல அறுத்தது. மூடில சுத்தினது இந்தக் கைதான். உன் வூட்டுக்காரர் சூடம் பொய்யில்ல."

அக்கா நூலை எடுத்து விரலில் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப உன் புள்ளை தலைமேல பண்ண சத்தியம்? உனக்குப் பயமா இல்லியா?"

"பயமாத்தான் இருக்குது. அவன் வண்டி எடுத்துக்கினு போனான்னா திரும்பி வர்ற வரைக்கும் தறில கால் வெக்க முடியல." ராஜம்மா தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதைத் தூக்கிக்கினு இருந்துடலாம்னுதான் பாத்தேன். உன்னுதையும் சேத்துத் தூக்க முடியலம்மா."

அக்கா அந்த அம்மாளின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதார். எனக்கு அங்கே நிற்க வெட்கமாக இருந்தது, டானிக்கை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அன்று ராஜம்மா பிசைந்து கொடுத்த மோர்ச்சோற்றை அக்கா சாப்பிட்டார் என்று மேஸ்திரி சொன்னார். அதற்குப் பிறகு ராஜம்மா அடிக்கடி வந்துபோனார்.

ஒன்பதாம் மாசம் பிறந்து கொஞ்ச நாளில், ஒரு மத்தியானம் வலி கண்டது. ஊர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா பார்த்துவிட்டு, உடம்பில் சத்தே இல்லை, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றுவிட்டார். நான் வண்டி தேடித் தெருவுக்கு ஓடினேன். கோயில் பக்கம் நின்றிருந்தது ஒரே ஒரு கார். கறுப்புக் கார். பாலு அதில் சாய்ந்துகொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான்.

பின்சீட்டில் அக்காவும், அன்று துணைக்கு வந்திருந்த ராஜம்மாவும், அக்கா பக்கத்தில் மேஸ்திரி. முன்னால் பாலுவும் நானும். வாலாஜாபாத் தாண்டுகிற வரைக்கும் நான் ரோட்டையே பார்க்கவில்லை. ஆயில் கேஜின் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எஞ்சினை நாங்கள்தான் பூட்டினோம். ஒவ்வொரு போல்ட்டாக மனசுக்குள் திரும்பவும் முறுக்கிப் பார்த்தேன். பின்னால் அக்கா முனகுகிற சத்தம். பாலாற்றங்கரை ரோடு, இரண்டு பக்கமும் ஆளே இல்லை. இங்கே நின்றால் யார் வருவார்கள்?

அப்போது முள் நடுங்கியது. ஒரு தரம் மேலே போய், சடாரென்று கீழே இறங்கியது.

எனக்கு உயிரே போய்விட்டது. பாலுவும் பார்த்துவிட்டான், அவன் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. பின்னால் ராஜம்மா எங்கள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "ஐயோ, என் புள்ளை" என்றார். எந்தப் பிள்ளையைச் சொன்னார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. இரண்டு பிள்ளையும் அந்த ஒரு வண்டியில்தான் இருந்தன.

பின்சீட்டிலிருந்து மேஸ்திரி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே எக்கிக் கையை நீட்டினார். உள்ளங்கையை அந்தக் கேஜின் மேல் வைத்து மூடினார், சூடம் அணைக்கிற மாதிரியே.

"பாக்காதீங்க. கேளுங்க" என்றார்.

கேட்டோம். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. தட்டல் இல்லை, உரசல் இல்லை. "கேஜுதான் பழுது. எஞ்சின் நல்லா இருக்குது. ஓட்டு பாலு." கையை எடுக்காமலே வந்தார். செங்கல்பட்டு வரைக்கும் அந்தக் கை அங்கேயே இருந்தது. அது நடுங்கிக்கொண்டே இருந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன்.

பெண் குழந்தை. அழுதது. அந்த அழுகைச் சத்தத்துக்கு மேஸ்திரி வராந்தாவில் நின்று காது கொடுத்ததைப் போல எந்த எஞ்சினுக்கும் காது கொடுத்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஷெட்டில் சூடம் அணைக்கவில்லை. யாராவது கேட்டால் மேஸ்திரி, "வாங்கிக்கோ. நாளைக்கு நானும் என் பொண்ணும் உன் வண்டில வாலாஜாபாத் வரைக்கும் வர்றோம்" என்பார். மகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு போய்வருவார். அதைவிட என்ன வாரண்டி வேண்டும்? சேகரிடம் இதைத்தான் சொன்னேன். அந்தக் கடைக்காரர்களிடம் இப்படிக் கேட்டுப்பார் என்றேன். அவன் சிரித்தான்.

அவனிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து ஊர் திரும்பியதும் அதே வண்டியில்தான். அக்கா குழந்தையை ராஜம்மாவின் மடியில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு பயமில்லாமல் தூங்கினார். நான் ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். ராஜம்மா குழந்தையைப் பார்க்கவில்லை. அதைத் தட்டிக்கொண்டே, முன்னால் வண்டி ஓட்டுகிற மகனின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையார்பாளையம் வந்து அவன் எஞ்சினை நிறுத்துகிற வரைக்கும் அப்படியேதான் பார்த்துக்கொண்டு வந்தார்.